ஆவணி மாதத்துச் சிவப்புப் புள்ளி

மதினி இறந்து இந்தக் கார்த்திகையோடு ஓராண்டு முடிகிறது. மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. வயதில் என்னைவிட ஆறு மாதம் மூத்தவள். அவள் உடம்பில் நடந்ததை நாள் தவறாமல் எழுதி வைத்தவள் நான். எழுதி வைத்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. நான் எழுதி வைத்ததை நம்பித்தான் நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஏழு மாதத்தைக் கடத்தினோம்.

எனக்கு வேலை பிறப்பு இறப்புப் பதிவு எழுதுவது. இருபத்தெட்டு வருடமாகத் திண்டுக்கல்லில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலையில் வந்த பழக்கமோ, பழக்கத்தால்தான் அந்த வேலை ஒத்துப்போனதோ தெரியாது, எனக்கு எதையும் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். மழை பெய்யத் தொடங்கிய நேரம், மின்சாரம் போன நேரம், வந்த நேரம், படித்து முடித்த புத்தகம், ஆத்தூர் அணை நிரம்பியதாகக் கேள்விப்பட்ட நாள், எல்லாம் நோட்டில் இருக்கும். ஆண்டுகளும் இருக்கின்றன. இங்கே அவற்றை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நத்தம் சாலைப் பேருந்தில் ஏறி, சாணார்பட்டி தாண்டி இறங்கி, அண்ணன் வீட்டுக்குப் போவேன். அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை. மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மதினியின் குரல் வரும்.

"வந்துட்டியா பஞ்சாங்கம்? இன்னிக்கு பஸ்சு எத்தன நிமிசம் லேட்டு?"

"பதினொண்ணு."

"அதானே, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. உக்காரு, சோத்துக்கு வெஞ்சனம் இப்பத்தான் எறக்குனேன். எறக்குன நேரத்த எழுதிக்க."

பஞ்சாங்கம் என்ற பெயரை எனக்கு அவள்தான் வைத்தாள். ஊரில் பாதிப் பேருக்கு இன்று என் உண்மையான பெயர் மறந்திருக்கும்.

அவளுடைய தேதிகளை நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் மல்லிகைக் காடு. எங்கள் ஊர்ப்பக்கம் மாதவிலக்கான பெண் பூக்காட்டுக்குள் கால் வைக்கமாட்டாள். வைத்தால் செடி கருகும் என்பார்கள். கூலிக்கு மொட்டெடுக்க வரும் பெண்களும் அந்த நாட்களில் தாமாகவே நின்றுகொள்வார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஐம்பதை நெருங்கும்போது மதினிக்கு நாள் தவறித் தவறி வர ஆரம்பித்தது. எப்போது வரும் என்று தெரியாமல் விடியற்காலையில் காட்டுக்குப் போகவே பயந்தாள். "எனக்கு எங்க ஞாபகம் இருக்கு, நீ எழுதிக்க" என்றாள். நோட்டில் அவளுக்கென்று மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, முப்பத்திரண்டு கட்டம் போட்டு, தீட்டுப் பட்ட நாளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். நான் போகும் ஞாயிறன்று அவள் சொல்வாள், நான் புள்ளி வைப்பேன்.

காட்டில் கிணற்றை ஒட்டி இரண்டு வரிசை மட்டும் தனி. நாற்பத்தொரு செடி. அதைச் சாமி வரிசை என்போம். வெள்ளிக்கிழமைதோறும் ஊர் அம்மனுக்கு அந்தச் செடிகளிலிருந்துதான் மாலை போகும். அந்த வரிசைக்குள் மாதவிலக்கு முற்றாக நின்ற பெண் மட்டுமே போகலாம், அவளே பறித்து அவளே கட்ட வேண்டும். எங்கள் அம்மா இருந்தவரை அம்மா. அதன்பின் பக்கத்து வீட்டுச் சித்தி. மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பது வருடம் அந்த இரண்டு வரிசைக்கும் வெளியே நின்று, உள்ளே உதிரும் பூவைக்கூடப் பொறுக்காமல் இருந்தவள். ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "என் காட்டுல எனக்கே விசா வேண்டியிருக்கு பாரு."

நின்றுபோகும் காலத்தில் எல்லாருக்கும் வரும் தொந்தரவுகள் அவளுக்குக் கடுமையாகவே வந்தன. உடம்பு திகுதிகுவென்று எரிந்தது. பொட்டு வைக்கும் இடம் காயாமல் வேர்த்தது. எதற்கெடுத்தாலும் அண்ணன் மேல் எரிந்து விழுந்தாள். எனக்கு ஒரு வருடம் முன்பே இதெல்லாம் வந்து போயிருந்தது. நான் கண்ட மருத்துவ நூல்களையும் படிப்பவள். தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியைப் பாலில் கலந்து நான் சாப்பிட்டேன், எனக்குக் கேட்டது. அதையே அவளுக்கும் வாங்கிப் போனேன். எள்ளும் உளுந்தும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பொடி தொடங்கிய நாள், அளவு, வேர்வை எத்தனை முறை, தூக்கம் எத்தனை மணி என்று எழுதினேன். ஐந்தாவது வாரத்தில் வேர்வை பாதியாகக் குறைந்திருந்தது. அந்தப் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஒங்கையெழுத்துல பாத்தா எனக்கே வேர்க்கல" என்றாள்.

கடைசிப் புள்ளி ஒரு மாசி மாதத்தில் விழுந்தது. அதன்பின் பக்கம் பக்கமாக வெற்றுக் கட்டங்கள். அடுத்த மாசியும் வெறுமையாகக் கழிந்தது. ஒரு வருடம் முடிந்தது என்று நான்தான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். பங்குனித் திருவிழா முடிந்த முதல் வெள்ளிக்கிழமை சித்தி கையால் நார்க்கூடையை வாங்கிக்கொண்டு மதினி சாமி வரிசைக்குள் போனாள். நான் அதற்கென்று விடுப்புப் போட்டுப் போயிருந்தேன். அவள் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையே நின்று நின்று பறித்தாள். வெளியே வரும்போது என்னைப் பார்த்து, "நேரம் எழுதுனியா?" என்று மட்டும் கேட்டாள். முகத்தில் சிரிப்பில்லை. அந்த அளவுக்கு அது அவளுக்குப் பெரிய காரியம்.

அன்றிலிருந்து அவளது பக்கத்தில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ஒரு நீல டிக் போடத் தொடங்கினேன். மாலை கொடுத்த நாள். எனக்கு வெற்றுக் கட்டங்களாகவே விடப் பிடிக்கவில்லை. வேறு காரணம் இல்லை.

அதே வருடம் ஆவணி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. கிணற்றடிக் கல்லில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"நோட்டக் கொண்டாந்துருக்கியா?"

"எப்பவும் இருக்குமே. என்ன?"

"செவப்புப் பேனாவும் இருக்கா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவள் பிழிந்துகொண்டிருந்த துணியைத் தூக்கிக் காட்டினாள். கறை போயிருந்தது, தடம் மட்டும் இருந்தது.

"நேத்துலருந்து. லேசாத்தான்."

நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட எனக்கு ஆசைதான். "திரும்பக் கொமரியாயிட்ட மதினி. சடங்கு வச்சுருவோமா?" என்று கேட்டேன்.

"வையி. தாய்மாமன் சீரு மட்டும் யாரு கொண்டாருவா, அவரு போயி பதினாலு வருசம் ஆச்சு." அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "வெள்ளிக்குள்ள நிக்கணும்டி. சித்திக்குத் தெரிஞ்சா கூடையப் பிடுங்கிருவா" என்றாள்.

அன்று நோட்டில் நான் எழுதியது இது: 'பதினெட்டு மாதத்துக்குப் பின் திரும்ப வந்தது. கிழங்கு உடம்பைத் தேற்றியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.' நின்றுபோன ஒன்று திரும்பி வருவதை நான் உடம்பின் பலம் என்று நினைத்தேன். அப்படி எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை. இரண்டு மூன்று நூல்களில் படித்த வேறு வேறு வரிகளைச் சேர்த்து நானே முடிவுகட்டியது.

திங்கட்கிழமை மாலை அலுவலகம் விட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம். அப்பா காலத்துக் கடையை இப்போது அவர் பார்க்கிறார். ஐம்பது வயதிருக்கும். கைப்பேசியைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே பொட்டலம் மடிப்பார், ஆனால் பெண்கள் சம்பந்தமான மருந்து என்றால் கைப்பேசியை அணைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார். கேட்காமல் தரமாட்டார்.

"வாங்கம்மா. கிழங்குப் பொடியா?"

"இல்ல பாய். பெரும்பாட்டுக்கு, உதிரப்போக்கு நிக்க."

"உங்களுக்கா?"

"எங்க அண்ணன் வீட்ல."

"வயசு?"

"அம்பத்திரண்டு."

கைப்பேசியை அணைத்தார். "கடைசியா எப்பம்மா பட்டுச்சு?"

"இப்பத்தான். ரெண்டு நாளா."

"அதுக்கு முந்தி?"

நோட்டு என் பையில் இருந்தது. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. "மாசில" என்றேன்.

அவர் விரலை மடக்கி எண்ணினார். "மாசி, பங்குனி, சித்திர... ஆறு மாசம் தள்ளியிருக்கு. நிக்கிற வயசுல அப்பிடித் தள்ளித் தள்ளித்தான் வரும்மா. ஒரு வருசம் சுத்தமா நின்னுட்டு அதுக்கு மேல பட்டுச்சுன்னா எங்கிட்ட வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். அதுக்கு இங்க மருந்து கிடையாது. இது அப்பிடி இல்லையே?"

நான் கண்ணாடிச் சாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் மௌனத்தை இல்லை என்று எடுத்துக்கொண்டார். அசோகப் பட்டை நூறு கிராம், மாசிக்காய் கொஞ்சம். பொட்டலத்தின் மேல் எழுதியும் தந்தார்: இரண்டு டம்ளர் அரை டம்ளராகச் சுண்ட, காலை மாலை.

நான் சொன்னது பொய்யல்ல. மாசியில்தான் பட்டது. போன மாசி இல்லை, அதற்கு முந்தின மாசி. வருடத்தைச் சொல்லவில்லை. ஒருவர் பிறந்த நாளைச் சொல்லி வருடத்தைச் சொல்லாவிட்டால் மனுவைத் திருப்பிக் கொடுப்பவள் நான். ஏன் சொல்லவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மதினிக்கு வெள்ளிக்கிழமைக்குள் மருந்து வேண்டும், சொன்னால் அவர் தரமாட்டார். அது ஒன்று. இன்னொன்று, கடைக்காரருக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும் என்ற நினைப்பு.

மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் சொன்னதை மதினியிடம் மறைக்கவில்லை. சொன்னேன்.

"அவருக்கென்ன, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிட்டா அவரு வேல முடிஞ்சுச்சு. நான் போனா உங்க அண்ணன் வண்டியெடுப்பாரு. எதுக்குன்னு கேப்பாரு. நான் சொல்லணும். சொன்னா அடுத்த வெள்ளி நான் வரப்புல நிக்கணும்." கஷாயத்தைக் கண்ணை மூடிக் குடித்தாள். "தூ! பட்டையா இது, பழைய கதவ ஊறவச்ச மாதிரி இருக்கு."

வியாழக்கிழமை நின்றுவிட்டது என்று கைப்பேசியில் சொன்னாள். பட்டை வேலை செய்தது என்று எழுதினேன்.

புரட்டாசியில் இருபத்தாறு நாள் கழித்து வந்தது. மூன்று நாள். ஐப்பசியில் முப்பத்தொரு நாள் கழித்து, ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் கஷாயம் குடித்தாள், ஒவ்வொரு முறையும் நின்றது. வரப்பில் முளைத்த தொட்டாற்சுருங்கி இலையை அரைத்து மோரில் கலந்தும் குடித்தாள். சிறுமலையிலிருந்து வரும் வாழைப்பூவைச் சமைத்தாள். நான் எல்லாவற்றையும் எழுதினேன். கட்டங்களைப் பார்த்தால் ஒழுங்காக இருந்தது. மருந்து, இரண்டு நாள், நிறுத்தம். மறுபடி மருந்து, மூன்று நாள், நிறுத்தம். எழுத எழுத நம்பிக்கை வந்தது. ஒழுங்காக எழுதப்பட்ட எதையும் நான் நம்பிவிடுவேன்.

கார்த்திகையிலும் வெள்ளிக்கிழமைக்குள் நிற்கவில்லை. அந்த ஞாயிறு நான் போனபோது அவளாகவே சொன்னாள்.

"போனேன். ரெண்டு துணி வச்சுக்கிட்டுப் போனேன். முட்டி வலின்னு போன மாசமே ஒரு வெள்ளி போகாம இருந்தாச்சு, இன்னொரு தடவ சொன்னா சித்தி மோப்பம் பிடிச்சுருவா."

"பயமா இல்லையா மதினி?"

"பறிக்கும்போது இருந்துச்சு. கட்டும்போது இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவளும் பொம்பளதான? அவளுக்குத் தெரியாதா என்ன?"

அவள் என்று சொன்னது அம்மனை. நான் அந்தக் கட்டத்தில் சிவப்புப் புள்ளியும் வைத்தேன், நீல டிக்கும் போட்டேன்.

மார்கழி முழுக்க வரவில்லை. நாங்கள் இருவரும் முடிந்தது என்று நினைத்தோம். தையில் வந்தபோது ஒன்பது நாள் நிற்கவில்லை. பட்டையின் அளவைக் கூட்டினோம். மாசியில் அவள் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. பங்குனி நான்காம் தேதி, மொட்டுக் கூடையோடு காட்டிலேயே விழுந்தாள். அண்ணன் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் போட்டு, திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்துவிட்டு எனக்குச் சொன்னார்.

டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கலாம். ஸ்கேன் எடுத்த பின் அண்ணனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் இருவரிடமும் கேட்டார். மதினி பேசும் நிலையில் இல்லை. நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். என்னை மெச்சுவார் என்றுகூட ஒரு நொடி நினைத்திருப்பேன்.

அவர் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினார். ஆவணிப் பக்கத்தில் விரல் நின்றது. அதற்கு முந்திய, சிவப்பில்லாத பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பதினேழு.

"இதுலயெல்லாம் ஏன் செவப்பே இல்ல? எழுதலையா?"

"வரல டாக்டர்."

"அப்ப இந்தப் புள்ளி வச்ச அன்னைக்கே நீங்க இங்க இருந்திருக்கணும்."

"மருந்து குடுத்தா நின்னுச்சு..."

"அது தானா நின்னு தானா வந்திருக்கும்மா." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு கரெக்டா யாருமே எழுதிக் கொண்டுவர மாட்டாங்க" என்றார்.

கிழங்குதான் காரணமா என்று பின்னால் ஒரு நாள் அவரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, யாருக்கு வரும் எதனால் வரும் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, போன நாட்களைத்தான் சொல்ல முடியும் என்றார். போன நாட்களை நான் எண்ணி வைத்திருந்தேன். ஆறு மாதமும் இருபத்திரண்டு நாளும்.

பரிசோதனை முடிவு வந்தது. கர்ப்பப்பையில் தொடங்கிய புற்று வெளியே போயிருந்தது. மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அறுவை, அதன்பின் கரண்ட் வைப்பது என்கிற கதிர்ச் சிகிச்சை, அதன்பின் ஊசி மருந்து. அந்த எட்டு மாதமும் அண்ணன் செய்ததை நான் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தார். கஞ்சியை வடிகட்டக் கற்றுக்கொண்டார். அவளுடைய கறைத் துணிகளை அவரே அலசினார், முகம் சுளிக்காமல். என்னிடம் கொடுக்க மாட்டார். காடு சித்தி பொறுப்பில் இருந்தது. அந்தச் சித்திரையில் காட்டிலேயே அதிகம் பூத்தது சாமி வரிசைதான் என்று சித்தி சொல்லி அனுப்பியதை அண்ணன் மதினியிடம் ஆசையாகச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நடுவில் ஒரு நாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். எதுவும் வாங்க அல்ல.

"பாய், போன ஆவணியில மாசின்னு சொன்னேன்ல. அது அதுக்கு முந்தின வருசத்து மாசி."

அவர் மடித்துக்கொண்டிருந்த பொட்டலம் பாதியில் நின்றது. "யா அல்லா" என்றார். வேறு வாடிக்கையாளர் இருந்ததால் குரலை இறக்கினார். "எப்பிடி இருக்காங்க?"

சொன்னேன்.

"நான்தானம்மா தூக்கிக் குடுத்தேன். ஆறு தடவ." பொட்டலத்தை மடித்து முடித்து, அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பினார். இப்போது அந்தக் கடையில் அவர் மாதத்தோடு வருடத்தையும் கேட்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள், "வரவர அந்த பாய் ரொம்பத்தான் நோண்டுறாரு" என்று.

ஐப்பசி கடைசியில் மதினியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இனி செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம், அண்ணன் மோட்டார் போடப் போயிருந்தபோது, என் கையைப் பிடித்தாள்.

"ஏ பஞ்சாங்கம், அந்த நோட்டு எங்க?"

"வீட்ல இருக்கு."

"ஆவணிலருந்து உள்ள பக்கத்தக் கிழிச்சிரு."

"ஏன் மதினி?"

"கிழின்னா கிழி. உங்க அண்ணன் பாத்துரக் கூடாது." மூச்சு வாங்கினாள். "உனக்குத்தான் கிழிக்கவே வராதே. எங்கிட்டயாவது கொண்டாந்து குடு, நான் கிழிக்கிறேன்."

சரி என்று சொன்னேன். கொண்டுபோகவில்லை. அவள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆவணியிலேயே எனக்குத் தெரியும், தெரிந்தும் பட்டை வாங்கிக் கொடுத்தேன் என்பது அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாள் என்று. இத்தனை வலியிலும் என்னைப் பற்றி யோசிக்கிறாளே என்று பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். கார்த்திகை இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை அவள் போனாள். இறப்பின் காரணம் எழுதும் கட்டத்தில் எத்தனையோ பெண்களுக்கு வயிற்று நோய் என்று சொல்வதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இவளுக்கு முழுப் பெயரையும் சரியாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பின் அண்ணன் கேட்டார்: "இது எப்பத் தொடங்குச்சுன்னு உன் நோட்டுல இருக்கும்ல?"

மறுநாளே கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். தண்டனையை வாங்கிக்கொள்ளும் எண்ணத்தோடுதான் போனேன். ஆவணியில் அவள் சொன்னதிலிருந்து கடையில் நான் மறைத்தது வரை சொன்னேன். அவர் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. விரலைக் கட்டங்களின் மேல் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"இந்த நீலம் என்ன?"

"கோயிலுக்குப் பூக் குடுத்த நாளு."

விரல் கார்த்திகைப் பக்கத்துக்குப் போயிற்று. பிறகு தை. பிறகு மாசி.

"செவப்பும் நீலமும் ஒரே கட்டத்துல இருக்கு."

நோட்டை வாங்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"இப்பிடியே போயிருக்காளா? வரிசைக்குள்ள?"

"அண்ணே..."

"அதான்" என்றார். நோட்டை மூடினார். "அதான் ஆத்தா விடல. நானும் எதனால, எதனாலன்னு எட்டு மாசமா யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன்." அவர் முகத்தில் எட்டு மாதமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்போதுதான் எனக்கு மதினி எதைக் கிழிக்கச் சொன்னாள் என்று விளங்கியது. அவளுக்கு என்னைப் பற்றிய கவலையே இருந்திருக்கவில்லை.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அந்த வரிசைதான் அதிகம் பூத்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "நீ படிச்சவ, உனக்குப் புரியாது" என்றார். சித்திக்கு அவர் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு நான் இறங்கிய நிறுத்தத்திலேயே ஊர் பேசியது. மதினி எவ்வளவு வேதனைப்பட்டாள் என்று பேசிய அதே வாய்கள். "சாமி வரிசைன்னு தெரிஞ்சே போயிருக்காளே, நெஞ்சழுத்தக்காரி."

மார்கழியில் மல்லிகைக் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணுவார்கள். அண்ணன் சாமி வரிசையைக் கவாத்து பண்ணவில்லை. வேரோடு எடுத்தார். கூலிக்கு ஆள் வைக்காமல் மம்பட்டியும் கடப்பாரையுமாக அவரே மூன்று நாள். நான் போனபோது கடைசிச் செடி வெளியே வந்துகொண்டிருந்தது. பனிக்காலத்திலும் அதன் நுனிகளில் நாலைந்து மொட்டு இருந்தது. பிடுங்கிய செடிகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒன்றுகூடக் கருகியிருக்கவில்லை. வேர்களில் ஈர மண் ஒட்டியிருந்தது.

குழிகளுக்குப் புது நாற்று கொண்டுவந்து சாக்கு மறைவில் வைத்திருந்தார்கள். சித்தி கூடையோடு ஒதுங்கி நின்றாள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மொத நாத்த வீட்டுப் பொம்பள நடணும். உனக்குத்தான் நின்னு நாலு வருசம் ஆச்சே, நீ நடும்மா. இனிமே வெள்ளிக்கெழம வந்து நீயே பறிச்சுக் குடு. இந்த விசயத்தெல்லாம் நோட்டுல எழுதிராத."

நாற்று என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"எனக்கு இன்னும் நிக்கலண்ணே" என்றேன்.

"என்ன?"

"நிக்கல. இன்னைக்கு ரெண்டாம் நாளு."

அவர் நாற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் நின்றிருந்த மண்ணைப் பார்த்தார். சித்தி ஏதோ முனகினாள்.

"அப்ப வரப்புக்கு ஏறு" என்றார்.

ஏறி நின்றேன். முப்பது வருடம் மதினி நின்ற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் நாற்பத்தொரு குழியும் தெரிந்தது. அண்ணன் சித்தியைக் கூப்பிட்டு முதல் நாற்றை நடச் சொன்னார். அன்றைய பக்கத்தில் நான் சொன்ன பொய்யை எழுதி, கீழே மாதத்தோடு வருடத்தையும் எழுதினேன். மதினியின் பக்கங்கள் கிழிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன.